பெர்லின் திரைப்பட விழா

இரண்டாம் உலகப் போர் 1945-ஆம் ஆண்டில் முடிவுற்றது. ஆறு ஆண்டுகள் கழிந்த பின்னும் பெர்லின் மாநகரில் இடிந்த வீடுகளின் செங்கற்குவியல்கள் முற்றும் அகற்றப்பெறவில்லை. வென்ற நாடுகள் நான்கும் நகரை நான்கு பகுதிகளாகப் பங்கிட்டுக்கொண்டிருந்தன. அமெரிக்கா, பிரிட்டன், பிரான்சு ஆகிய மூன்றன் பகுதிகளும் சேர்ந்து மேற்குப் பெர்லின் என வழங்கின. சோவியத்து நாட்டின் பகுதி கிழக்குப் பெர்லின் என வழங்கிற்று. மேற்குப் பெர்லினைச் சுற்றிலும் இருந்தது கிழக்கு ஜெர்மனியின் நிலமே. நீர் சூழ்ந்த தீவைப்போல மாற்றார் நிலம் சூழ்ந்த தீவாக அது இருந்தது. 1948, 1949 ஆகிய ஆண்டுகளில் சாலைகளும் இருப்புப்பாதைகளும் அடைக்கப்பட்டபோது, அப்பகுதி மக்கள் வானூர்திகள் கொண்டுவந்த மாவையும் நிலக்கரியையும் நம்பியே உயிர் வாழ்ந்தனர்.

இத்தகைய ஊரில், 1951-ஆம் ஆண்டு சூன் மாதம் 6-ஆம் நாள், உலகத் திரைப்பட விழா ஒன்று தொடங்கிற்று. வீடிழந்து நின்ற மக்களுக்குப் படவிழா எதற்கு என்று கேட்கத் தோன்றும். அவ்விழாவின் வரலாற்றை அறிந்தால், அக்கேள்விக்கு ஒன்றல்ல, பல விடைகள் கிடைக்கும்.

திரைப்பட விழா என்பது யாது? நம் ஊர்க் கொட்டகையில் ஒரு படம் வந்தால், கூட்டம் வரும்வரை அது ஓடும். கூட்டம் குறைந்தால் அடுத்த படம் வரும். எந்தப் படம் வரவேண்டும் என்பதைப் பெரும்பாலும் வணிகமே முடிவு செய்கிறது. விழாவின் இயல்பு வேறு. தேர்வுக் குழுவினர் பல நாடுகளிலிருந்து வரும் படங்களைப் பார்த்து, தகுதியுடையன எனக் கருதுவனவற்றைத் தேர்ந்தெடுக்கின்றனர். பத்து நாள் அளவில் நகரின் பல அரங்குகளில் அவை காட்டப்படுகின்றன. படத்தை எடுத்தவரே பெரும்பாலும் நேரில் வந்து, பார்த்தவர் கேட்கும் வினாக்களுக்கு விடை சொல்கிறார். வேற்றுமொழிப் படங்களுக்குத் திரையின் அடியில் எழுத்து வரிகள் ஓடும். போட்டிக்கு வந்த படங்களை நடுவர் குழு ஆய்ந்து பரிசு வழங்கும். இத்தாலியில் வெனிஸ் நகரம் 1932-ஆம் ஆண்டிலேயே இத்தகைய விழாவைத் தொடங்கிவிட்டது. பிரான்சின் கான் நகரம் 1946-இல் தொடங்கியது. அவ்விரண்டும் கடற்கரை நகரங்கள். செல்வர் இளைப்பாறச் செல்லும் இடங்கள். பெர்லினோ இடிபாடுகளின் நடுவே விழா எடுத்தது.

இவ்விழாவுக்கு வித்திட்டவர் ஆஸ்கார் மார்ட்டே என்னும் அமெரிக்க அலுவலர். அவர் நகரின் அமெரிக்கப் பகுதியில் திரைப்படத்துறையைக் கவனித்து வந்தார். கலையை வளர்ப்பது மட்டும் விழாவின் நோக்கம் அன்று. பொதுவுடைமை ஆட்சியின் நடுவே, மேலை நாடுகளின் வாழ்வையும் வளத்தையும் காட்டும் கண்ணாடிச் சாளரமாக அது விளங்கவேண்டும் என்று எண்ணினர். 1951-இல் நகரைப் பிரிக்கும் சுவர் இன்னும் எழுப்பப்படவில்லை. கிழக்குப் பகுதி மக்கள் எல்லைக்கோட்டை ஒட்டியிருந்த மேற்குப் பகுதிக் கொட்டகைகளுக்கு நடந்து வந்து, தங்கள் நாட்டுக் காசையே கொடுத்துப் படம் பார்த்துச் செல்வர். ஆதலால் யாருக்காகச் சாளரம் திறந்தார்களோ அவர்கள் அதன் வழியே பார்க்கவும் இயன்றது.

முதல் நாள் காட்டப்பட்ட படம் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இயக்கிய 'ரெபெக்கா' என்பது. பரிசுப் பொருளாகக் கரடி உருவம் அமைந்தது. கரடியே பெர்லின் நகரின் சின்னம். நம் பேச்சு வழக்கில் 'கரடி விடுதல்' என்பதற்கு வேறு பொருள் உண்டு. அங்கே கரடி பெறுதல் கலைஞனுக்குப் பெருஞ்சிறப்பு. முதலாண்டில் நாடகம், நகைச்சுவை, இசை எனப் பல வகைக்கும் தனித்தனியே தங்கக் கரடி வழங்கினர். வால்ட் டிஸ்னியின் 'சிண்ட்ரெல்லா' ஒரு கரடியைப் பெற்றது. 'ஜீப்பில் நால்வர்' என்னும் சுவிட்சர்லாந்துப் படம் மற்றொன்றைப் பெற்றது. வியன்னா நகரமும் பெர்லினைப்போலவே அக்காலத்தில் நான்கு வல்லரசுகளின் கையில் இருந்தது. அந்நாடுகளின் படைவீரர் நால்வர் ஒரே ஜீப்பில் அமர்ந்து வியன்னாவைக் காவல் சுற்றிவரும் கதை அது. அதைப் பார்த்த பெர்லின் மக்களுக்குத் திரைக்கும் தெருவுக்கும் இருந்த தொலைவு மிகக் குறைவாகத் தோன்றியிருக்கும்.

1952 முதல் 1955 வரை பொதுமக்களின் வாக்கைக் கொண்டே பரிசு முடிவாயிற்று. 1956 முதல் பல நாட்டறிஞர் அமர்ந்த நடுவர் குழு அப்பணியை ஏற்றது. அதற்கு அடுத்த ஆண்டு தங்கக் கரடியைப் பெற்ற படம் 'சினங்கொண்ட பன்னிருவர்' என்னும் அமெரிக்கப் படம். கொலைக் குற்றம் சாட்டப்பெற்ற இளைஞன் ஒருவனின் உயிரைத் தம் கையில் வைத்துக்கொண்டு, பன்னிரண்டு நடுவர்கள் ஓர் அறையில் வாதிடுவதே கதை முழுவதும். நடுவர் குழுவைப் பற்றிய படத்துக்கு நடுவர் குழுவே பரிசளித்தது பொருத்தம்தான்.

அக்கரடியைப் பற்றியும், அதனை வழங்கியவரைப் பற்றியும் ஒரு செய்தி சொல்லவேண்டும். கரடியின் உருவை வடித்தவர் ரெனே சின்டெனிஸ் என்னும் சிற்பி. அவருடைய பாட்டி யூதர் என்ற காரணத்தால், 1934-ஆம் ஆண்டில் இட்லர் ஆட்சி அவரைக் கலைக்கழகத்திலிருந்து நீக்கியது. விழாவின் முதல் தலைவராக 1951 முதல் 1976 வரை விளங்கியவர் ஆல்ஃபிரட் பவர். அவர் இட்லர் ஆட்சியில் திரைப்படத்துறையைக் கட்டியாண்ட அரசு அலுவலகத்தில் பணியாற்றியவர். போருக்குப் பின் அப்பணியின் தன்மையை அவர் மறைத்தும் குறைத்தும் கூறிவந்தார். அவர் மறைந்த பின்னர் அவர் பெயரால் ஒரு பரிசும் வழங்கப்பட்டு வந்தது. 2020-ஆம் ஆண்டில் ஒரு செய்தித்தாள் உண்மையை வெளியிட்டது; விழாவினர் உடனே அப்பரிசை நிறுத்தினர். இட்லர் ஆட்சியில் ஒடுக்கப்பட்டவர் செய்த சிற்பத்தை, அவ்வாட்சிக்குப் பணிபுரிந்தவர் கால் நூற்றாண்டுக் காலம் வழங்கி வந்தார் என்பதை எண்ணிப் பார்த்தால், போருக்குப் பிந்திய ஜெர்மனியின் நிலை ஒருவாறு விளங்கும்.

விழாவில் எவை காட்டப்பட்டன என்பதோடு, எவை காட்டப்படவில்லை என்பதையும் காணவேண்டும். தொடக்கத்தில் பல ஆண்டுகள் சோவியத்து நாடும் அதன் சார்பு நாடுகளும் இவ்விழாவில் பங்குகொள்ளவில்லை. 1961-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 13-ஆம் நாள் நகரின் குறுக்கே தடை எழுந்தது. அதுவே பின்னர்ச் சுவராயிற்று. கிழக்குப் பகுதி மக்கள் எல்லைக் கொட்டகைகளுக்கு வருவதும் அன்றோடு நின்றது. உலகப் படவிழா என்ற பெயர் இருந்தும், உலகின் பெரும்பகுதி அதில் இடம்பெறவில்லை. 1974-இல்தான் சோவியத்துப் படம் ஒன்று முதன்முதலாக வந்தது. அடுத்த ஆண்டு கிழக்கு ஜெர்மனியின் படம் வந்தது. 'பொய்யன் யாக்கோபு' என்பது அதன் பெயர். இட்லரின் படையால் அடைத்து வைக்கப்பட்ட யூதச் சேரியில், தன்னிடம் வானொலி இருப்பதாகப் பொய் கூறி, விடுதலை நெருங்குகிறது என்னும் கற்பனைச் செய்திகளால் பிறரை வாழவைக்கும் ஒருவனின் கதை அது. அதை இயக்கியவர் ஃபிராங்க் பையர். இப்பெயரை நினைவில் வைத்துக்கொள்வோம். மீண்டும் இவரைச் சந்திக்கப் போகிறோம்.

நம் நாட்டுப் படங்களுக்கு இவ்விழாவின் கதவு முன்னரே திறந்திருந்தது. ஆறு கொலைக் குற்றவாளிகளைச் சிறை அதிகாரி ஒருவர் உழைப்பாலும் நம்பிக்கையாலும் திருத்தும் கதையைச் சாந்தாராம் 'இரு கண்கள், பன்னிரு கைகள்' என்னும் பொருள்படும் இந்திப் படமாக எடுத்தார். அது 1958-இல் வெள்ளிக் கரடி பெற்றது. கல்கத்தாவில் நடுத்தரக் குடும்பப் பெண் ஒருத்தி முதன்முதலாக வேலைக்குச் செல்வதைக் காட்டும் 'மகாநகர்' படத்துக்காகச் சத்தியஜித் ராய் 1964-இல் சிறந்த இயக்குநருக்கான வெள்ளிக் கரடியைப் பெற்றார். அடுத்த ஆண்டு 'சாருலதா' அதே சிறப்பை அவருக்கு ஈட்டித் தந்தது. 1943-ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தைப் பற்றிய அவருடைய 'அசனி சங்கேத்' 1973-இல் தங்கக் கரடியையே வென்றது. அப்படத்தில் வயல்கள் பச்சைப்பசேலென்று இருக்கின்றன. அரிசி மட்டும் கடையிலிருந்து மெல்ல மெல்ல மறைகிறது. பசியைப் பற்றி எடுக்கப்பட்ட படங்களுள் இதற்கு நிகரானது அரிது.

இனி, 1970-ஆம் ஆண்டின் பூசலுக்கு வருவோம். வியத்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அமெரிக்கப் படைவீரர் சிலர் வியத்நாம் பெண் ஒருத்தியைக் கொடுமை செய்து கொன்ற உண்மை நிகழ்ச்சியை, மிகேல் வெர்ஹோவன் என்னும் ஜெர்மானிய இயக்குநர் 'ஓ.கே.' என்ற படமாக எடுத்தார். கதை பவேரியக் காட்டில் நடப்பதாக அமைத்து, வீரர்களை அப்பகுதி வழக்கிலேயே பேசவைத்தார். நடுவர் குழுத் தலைவர் அமெரிக்க இயக்குநர் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ். நாடுகளிடையே நல்லுறவை வளர்ப்பதே விழாவின் விதி. இப்படமோ அதற்கு மாறானது என்று அவர் கருதினார். படத்தை விலக்க முயல்வது தணிக்கையே என்று மற்றொரு சாரார் எழுந்தனர். வாதம் முற்றியது. இறுதியில் நடுவர் குழு பதவி விலகியது, போட்டி கைவிடப்பட்டது, அவ்வாண்டு ஒரு கரடியும் வழங்கப்படவில்லை.

அத்துடன் விழாவே முடிந்துவிடும் என்று பலர் நினைத்தனர். நிகழ்ந்தது வேறு. அடுத்த ஆண்டே, 1971-இல், 'மன்றம்' எனப் பொருள்படும் 'ஃபோரம்' என்னும் தனிப்பகுதி தோன்றியது. போட்டியும் பரிசும் முதன்மையாக இல்லாமல், புதுமுயற்சிப் படங்களையும், அறியப்படாத நாடுகளின் படங்களையும், வணிகர் தொட அஞ்சும் படங்களையும் காட்டுவதே அதன் பணியாயிற்று. இன்று விழாவில் நாம் காணும் பல்வகைச் சிறப்பு யாரோ நல்லெண்ணத்தால் வழங்கிய கொடையன்று. இத்தகைய பூசல்களால் விளைந்தது. யூதர் படுகொலையில் உயிர் தப்பியவரையும் உடனிருந்து கண்டவரையும் பேசவைத்து, குளோட் லான்ஸ்மன் எடுத்த 'ஷோவா' என்னும் ஆவணப்படம் 1986-இல் இங்குக் காட்டப்பட்டது. அது ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் ஓடுவது. எந்தக் கொட்டகை முதலாளி அதை விரும்பி வாங்குவார்? ஆயினும் பெர்லின் மக்கள் அமர்ந்து பார்த்தனர்.

இந்த மன்றத்தில்தான் 2024-ஆம் ஆண்டில் தமிழ்ப்படமான 'கொட்டுக்காளி'யின் முதற்காட்சி நடைபெற்றது. ஓர் இளம்பெண்ணின் காதலைப் பேய் பிடித்ததாக எண்ணி, உறவினர் அவளைத் தானியங்கி வண்டியில் ஏற்றிக் குறி சொல்பவரிடம் அழைத்துச் செல்லும் ஒரு பகற்பொழுதே கதை. பி. எஸ். வினோத்ராஜ் அதன் இயக்குநர். படம் முழுவதும் அப்பெண் பேசுவது மிகச் சிறிது. பாட்டும் பின்னணி இசையும் இன்றி, சாலை ஓசையும் சேவலின் குரலும் கேட்டுக்கொண்டே செல்லும் அப்படத்தைத் தமிழ் அறியாத மக்கள் எழுத்து வரிகளின் துணையோடு கண்டனர்.

விழாவில் வந்த பிணக்குகள் அவ்வளவோடு நின்றன அல்ல. 1979-இல் 'மான் வேட்டைக்காரன்' என்னும் அமெரிக்கப் படம் வியத்நாம் மக்களை இழிவுபடுத்துகிறது என்று கூறிச் சோவியத்துக் குழுவினரும், அவரைப் பின்பற்றிப் பல பொதுவுடைமை நாட்டினரும் விழாவைவிட்டு வெளியேறினர். படம் திரும்பப் பெறப்படவில்லை. சென்றவர்கள் அடுத்த ஆண்டுகளில் மீண்டும் வந்தனர். இரு முகாம்களாகப் பிளவுண்ட உலகில், சண்டையிடுவதற்காகவேனும் ஒருவரையொருவர் காணும் இடமாகப் பெர்லின் அமைந்தது. 1988-இல் சீனத்தின் சாங் யிமோ தம் முதற்படமான 'செஞ்சோளம்' கொண்டுவந்து தங்கக் கரடி பெற்றபோது, அந்நாட்டின் புதிய தலைமுறைக் கலைஞரை உலகம் அறிந்தது.

1989-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள் பெர்லின் சுவர் திறந்தது. மூன்று திங்கள் கழித்து நடந்த 1990-ஆம் ஆண்டு விழா, கிழக்கு மேற்கு ஆகிய இருபுறத்து அரங்குகளிலும் ஒருசேர நடந்த முதல் விழாவாகும். அவ்வாண்டுத் தங்கக் கரடியைப் பங்கிட்டுக்கொண்ட படங்களுள் ஒன்று செக்கோஸ்லோவாக்கியாவின் 'நூலில் கட்டிய வானம்பாடிகள்'. இயக்குநர் இர்ஷி மென்சல் அதை 1969-இலேயே எடுத்து முடித்துவிட்டார். அரசு அதைத் தடைசெய்து பெட்டிக்குள் பூட்டி வைத்தது. இருபத்தோர் ஆண்டுகளுக்குப் பின் அது வெளியே வந்து பரிசும் பெற்றது. அதே விழாவில் 'கற்களின் சுவடு' என்னும் கிழக்கு ஜெர்மானியப் படமும் காட்டப்பட்டது. கட்டடத் தொழிலாளரையும் கட்சி அதிகாரிகளையும் பற்றிய அப்படம் 1966-இல் வெளியான சில நாட்களிலேயே கொட்டகைகளிலிருந்து அகற்றப்பட்டதாகும். அதை இயக்கியவர் நாம் முன்னர்க் கண்ட ஃபிராங்க் பையரே. பையருக்கு அப்போது அகவை ஐம்பத்தேழு.

2000-ஆம் ஆண்டு முதல் விழாவின் தலைமை அரங்கு போட்ஸ்டாமர் சதுக்கத்துக்கு மாறியது. சுவர் நின்ற காலத்தில் அச்சதுக்கம் முள்வேலியும் காவற்கோபுரமும் நின்ற வெற்றுவெளி.

இன்று விழா பிப்ரவரி மாதக் கடுங்குளிரில் நடைபெறுகிறது. 2024-ஆம் ஆண்டில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட நுழைவுச் சீட்டுகள் விற்றன. தலையாய போட்டியில் இடம்பெறும் படங்கள் ஏறத்தாழ இருபது மட்டுமே. ஏனைய பகுதிகளில் காட்டப்படுவன இருநூறு வரை இருக்கும். கதைப்படம், ஆவணப்படம், குறும்படம், கேலிச்சித்திரப்படம் ஆகிய எல்லாம் உண்டு. 2002-இல் ஜப்பானின் ஹயாவோ மியாசாகி வரைந்த கேலிச்சித்திரப்படம் தங்கக் கரடியைப் பெற்றோருள் ஒன்றாயிற்று. 2016-இல் அப்பரிசைப் பெற்றது, ஆப்பிரிக்காவிலிருந்து மரக்கலங்களில் தப்பி வருவோர் கரையேறும் லாம்பெடூசா என்னும் சிறு தீவைப் பற்றிய ஆவணப்படம். 2024-இல் மாட்டி தியோப் எடுத்த 'டகோமே' அதனைப் பெற்றது. 1892-இல் பிரெஞ்சுப் படையினர் ஆப்பிரிக்காவின் டகோமே அரண்மனையிலிருந்து கவர்ந்து சென்ற பொருள்களுள் இருபத்தாறு, 2021-இல் பெனின் நாட்டுக்குத் திருப்பி அளிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றான அரசன் சிலை, பெட்டிக்குள் அடைபட்ட இருளில் தன் தாய்மொழியில் பேசுவதாக அப்படம் அமைந்துள்ளது. ஊர் திரும்பிய பின்னர், 'ஆயிரக்கணக்கில் எடுத்துச் சென்றவர்கள் இருபத்தாறைத் தருவது நீதியா?' என்று பெனின் நாட்டு மாணவர்கள் காரசாரமாக வாதிடுகின்றனர். படம் ஒன்றேகால் மணி நேரம்கூட ஓடுவதில்லை.

பழம்படங்களுக்கும் தனி இடம் உண்டு. பெர்லினில் 1927-இல் முதன்முதலாகக் காட்டப்பட்ட 'மெட்ரோபோலிஸ்' என்னும் ஊமைப்படம் பின்னர்ப் பலவாறு வெட்டப்பட்டுக் குறைந்து போயிற்று. இழந்தவற்றுள் பெரும்பகுதி 2008-இல் தென்னமெரிக்காவில் போனஸ் அயர்ஸ் நகர அருங்காட்சியகத்தில் கிடைத்தது. அதையும் சேர்த்துச் செப்பனிட்ட படத்தை 2010-ஆம் ஆண்டு விழாவில் பெரிய இசைக்குழுவின் நேரடி இசையோடு காட்டினர். அரங்கில் இடம் கிடைக்காதவர்க்காகப் பிராண்டன்பர்க் வாயிலில் பெருந்திரை கட்டினர். உறையும் குளிரில் மக்கள் போர்வை சுற்றி நின்று பார்த்தனர். எண்பத்து மூன்று ஆண்டுப் பழம்படத்துக்கு இத்தகைய கூட்டம் கூடிற்று.

சில வேளைகளில், வர இயலாதவரே விழாவின் முதன்மை விருந்தினர் ஆவதும் உண்டு. ஈரான் நாட்டு இயக்குநர் ஜஃபார் பனாஹி, கால்பந்தாட்டம் காண ஆண்வேடம் பூண்டு அரங்கினுள் நுழைய முயலும் சிறுமியரைப் பற்றி எடுத்த 'ஆஃப்சைடு' என்னும் படம் 2006-இல் வெள்ளிக் கரடி பெற்றது. 2010-ஆம் ஆண்டு இறுதியில் அந்நாட்டு நீதிமன்றம் அவருக்கு ஆறாண்டுச் சிறையும், இருபது ஆண்டுகள் படமெடுக்கத் தடையும் விதித்தது. விழாவினர் 2011-இல் அவரை நடுவராக அழைத்திருந்தனர். அவர் வர இயலவில்லை; நாற்காலியை வெறுமையாகவே வைத்தனர். அவர் எழுதிய கடிதத்தை நடுவர் குழுத் தலைவி மேடையில் படித்தார். தடையை மீறி, வாடகைக் காரை ஓட்டியவாறே அதனுள் ஒளிப்படக் கருவியைப் பொருத்தி அவர் எடுத்த 'டாக்சி' 2015-இல் தங்கக் கரடியை வென்றது. அப்போதும் அவர் நாட்டைவிட்டு வெளியேற இயலவில்லை. அப்படத்தில் நடித்த அவருடைய உறவுச் சிறுமியே மேடையேறிப் பரிசைப் பெற்றாள். பேச முயன்று, பேச இயலாமல் அழுதாள்.

மாணவர் அறிய விரும்பும் பகுதி ஒன்றை இறுதியாகக் கூறுவோம். 1978 முதல் சிறுவர்க்கெனத் தனிப்பகுதி நடந்து வருகிறது. இதில் காட்டப்படும் படங்கள் சர்க்கரை தடவிய கதைகள் அல்ல. பிரிவும் வறுமையும் போரும் அவற்றில் வரும். அவற்றுக்குப் பரிசாகப் படிகக் கரடி வழங்குவோர் பெரியவர் அல்லர். பதினொன்று முதல் பதினான்கு அகவை வரையுள்ள சிறுவர் சிறுமியரே நடுவர்களாக அமர்கின்றனர். முந்திய ஆண்டு விழாவில் படம் பார்த்து, வினாத்தாளில் தம் கருத்தை எழுதித் தந்த பிள்ளைகளுள்ளிருந்து இவர்கள் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். பதினான்கு அகவைக்கு மேற்பட்டோர்க்கு வேறு நடுவர் குழு உண்டு.

சிறு பிள்ளைகளால் ஓடும் எழுத்தை விரைந்து படிக்க இயலாது அல்லவா? அதற்கு விழாவினர் ஒரு வழி கண்டனர். அரங்கில் ஒருவர் ஒலிபெருக்கியின் முன் அமர்ந்து, கொரியப் படமாயினும் கொலம்பியப் படமாயினும், ஒவ்வோர் உரையாடலையும் அப்போதைக்கப்போது ஜெர்மன் மொழியில் படிக்கிறார். பாட்டியாகவும், பேரனாகவும், வழக்கறிஞராகவும், திருடனாகவும் அவர் ஒருவரே குரல் மாற்றிப் பேசுவார். அதன் அடியில் மூலமொழியின் குரலும் மெல்லக் கேட்டுக்கொண்டே இருக்கும். படம் முடிந்து விளக்கெரிந்ததும், தொலைநாட்டிலிருந்து வந்த இயக்குநர் மேடையேறி நிற்பார். எட்டு அகவைப் பிள்ளை கையுயர்த்தி, 'அந்த நாய்க்கு உண்மையாகவே அடிபட்டதா?' என்று கேட்டாலும், அவர் அதற்கு விடை சொல்லியே ஆகவேண்டும்.